மூளைச்சாவும் இறுதிக்கால முடிவுகளும்: தருமபுரி மாவட்டம்

மூளைச்சாவு என்பது மூளைத்தண்டின் செயல்கள் அனைத்தும் மீளாதபடி நின்றுபோன நிலை. மூச்சைத் தூண்டும் மையம் அங்கேதான் இருக்கிறது. அது அழிந்தபின் உடல் தானாக ஒருமுறைகூட மூச்சிழுக்காது. ஆனால் வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்வரை நெஞ்சு ஏறி இறங்கும், இதயம் துடிக்கும், கை தொட்டால் சூடாக இருக்கும், படுக்கையோரம் தொங்கும் பையில் சிறுநீர் சேரும். கோமா வேறு, கோமாவில் இருப்பவர் நோயாளி, அவர்களில் சிலர் எழுந்து வீடு திரும்புகிறார்கள். மூளைச்சாவு உறுதியானவர் இறந்தவர். இந்தியாவில் அப்படிச் சொல்லும் மத்தியச் சட்டம் ஒன்றே ஒன்று, உறுப்பு மாற்றுச் சட்டம். மூளைச்சாவைச் சுற்றி இங்கே எழும் சிக்கல்கள் பலவும் அந்த ஒரு செய்தியிலிருந்து கிளைத்தவை.

தருமபுரி மாவட்டத்துக்கு இது தொலைவான விஷயமல்ல. சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் வளைந்து வளைந்து சரிவாக இறங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரி முன்னே போகும் வண்டிகள்மீது மோதும் விபத்துகளால் ஊர் ஊராக அறியப்பட்ட இடம் அது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்தவை மாநிலத்தையே உலுக்கின. தலையில் அடிபட்டவர்கள் 2008-ல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனைக்கோ கொண்டுபோகப்படுகிறார்கள். காலையில் வேலைக்குப் போன மகனைப் பற்றி, மறுநாள் ஐசியு வாசலில் கேட்கும் சொல்லாகவே பல குடும்பங்கள் மூளைச்சாவை முதன்முதலில் அறிகின்றன.

இந்த நிலையை உண்டாக்கியதே மருத்துவத்தின் வெற்றிதான். 1952-ல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், நோயாளிகளின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் கையால் காற்றை அழுத்திச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்து பிறந்தது. அதற்குமுன் மூளை செத்தால் மூச்சு நிற்கும், மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். மூன்றையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் தேவை எழவில்லை. 1959-ல் பாரிஸில் மொலாரே, குலோன் என்ற இரு மருத்துவர்கள், கோமாவையும் கடந்துவிட்ட நோயாளிகளை விவரித்து எழுதினர். 1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். 1968 பிப்ரவரியில் மும்பையில் பி.கே.சென் என்ற மருத்துவர் அதையே முயன்றபோது, மூளைச்சாவை ஏற்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழு இறப்புக்கான புதிய அளவுகோலை வெளியிட்டது. குழு சொன்ன காரணங்கள் இரண்டு: மீளாதவரைக் கருவியில் வைத்திருப்பதால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் உண்டாகும் பாரம், உறுப்பு எடுப்பதில் எழும் சர்ச்சை. இந்தியச் சட்டம் இரண்டாவது காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. 1980-களின் இறுதியில் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வரும் அளவுக்குச் சிறுநீரக வியாபாரம் நடந்தது. கடன்பட்ட ஏழைகளை அதிலிருந்து காக்கவும், இறந்தவரிடமிருந்து உறுப்பு பெற வழிசெய்யவும் நாடாளுமன்றம் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு அதை ஏற்றது. வியாபாரம் ஒழியவில்லை. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வந்தது. ஆனால் இறந்தவர் உறுப்புதானத்துக்குக் கதவு திறந்தது.

அந்தக் கதவில் மக்கள் நுழைந்தது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தனர். காவல்துறை சாலையை ஒதுக்கித் தர, இதயம் 11 நிமிடத்தில் சென்னையின் இன்னொரு மூலைக்குப் போய் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு அரசு வரிசையாக ஆணைகள் பிறப்பித்து, மருத்துவர் ஜெ.அமலோற்பவநாதன் பொறுப்பில் உறுப்புகளைப் பதிவு வரிசைப்படி பகிரும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக, ‘டிரான்ஸ்டானாக’ வளர்ந்தது. கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2024-ல் மாநிலத்தின் கொடையாளர் எண்ணிக்கை 250-ஐத் தாண்டியது.

சான்றளிக்கும் முறை கண்டிப்பானது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று அணியைச் சேர்ந்த யாரும் அதில் இருக்கக்கூடாது. கண்மணியில் வெளிச்சம் அடிக்கிறார்கள், விழியைப் பஞ்சால் தொடுகிறார்கள், காதில் ஐஸ் நீர் விடுகிறார்கள், தொண்டைக்குள் குழாயை அசைத்து இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டுவிட்டு, நெஞ்சைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவை எட்டியும் நெஞ்சு அசையவில்லை என்றால் மூச்சு மையம் போய்விட்டது. இரண்டாவது சோதனை முடியும் நேரமே இறப்பு நேரம். அதன்பிறகும் விரல் அசையலாம், கை கொஞ்சம் உயரலாம். அது தண்டுவடத்தின் வேலை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பார்த்த தாய் ஆயுளுக்கும் மருத்துவரை நம்பமாட்டார்.

தருமபுரி போன்ற வேளாண் மாவட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கட்டுவிரியன் கடித்தவருக்கு நஞ்சு நரம்பையும் தசையையும் முடக்கும்போது கண்மணி விரிந்து நிற்கும், இமை அசையாது, மூச்சும் இருக்காது. பார்ப்பதற்கு மூளைச்சாவேதான். ஆனால் மூளை விழித்திருக்கலாம். சுற்றி நின்று பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வென்டிலேட்டரில் சில நாள் வைத்துக் காத்தால் நடந்தே வீட்டுக்குப் போவார். இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. பூச்சிமருந்து குடித்தவரும் சிலசமயம் இப்படிக் கிடப்பதுண்டு. எனவே, காரணம் இன்னதென்று உறுதியாகாமல், மருந்தும் நஞ்சும் உடல் குளிர்ச்சியும் இல்லை என்று தெளியாமல், சோதனையைத் தொடங்கவே கூடாது என்பது விதி. சிற்றூர்களிலிருந்து வருபவர்களுக்கு இந்த விதிதான் உயிர்.

ஐயம் சோதனையோடு நிற்பதில்லை. 2018-ல் தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளான பாலக்காட்டு இளைஞர் ஒருவர் சேலத்துத் தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தார். சிகிச்சைக் கட்டணத்தைக் காட்டிக் குடும்பத்தை உறுப்புதானத்துக்கு இணங்க வைத்தார்கள் என்ற புகாரோடு கேரள முதல்வர் பினராயி விஜயன், தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதம் எழுதினார். பில் கட்ட முடியாதவரிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வது கடினம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய 2021-ன் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், அந்த நெருக்கடியை ஓரளவு தள்ளிவைக்கிறது.

குடும்பம் மறுத்துவிட்டால்? இங்கேதான் சட்டம் கைவிடுகிறது. 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் அடையாளங்கள் எல்லாம் நிலையாக மறைவதையே இறப்பு என்கிறது; மூளையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஆகவே ஒரே கட்டிலில் ஒரே நிலையில் கிடப்பவர், வீட்டார் கையெழுத்திட்டால் இறந்தவர், இடாவிட்டால் வென்டிலேட்டரில் தொடர்பவர். அதை நிறுத்த மருத்துவர் தயங்குகிறார். “மூச்சு ஓடுதே சார், மெஷினை எடுத்துட்டா நாங்களே கொன்ன மாதிரி ஆயிடாதா?” என்று வீட்டார் கேட்கிறார்கள். பிறகு, ‘எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்’ என்று எழுதிக் கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். வழிநெடுக ஒருவர் கையால் காற்றூட்டும் ‘ஆம்பு’ பையை அழுத்திக்கொண்டே வர, வீட்டு வாசலில் கை நிற்கிறது. அந்தக் கையை நிறுத்தும் வேலையை அரசு ஓர் அண்ணன்மீதோ மாமன்மீதோ சுமத்துவது கொடுமை. ஜப்பானும் 1997-ன் சட்டத்தில் உறுப்புதானம் செய்பவருக்கு மட்டுமே மூளைச்சாவைப் பொருத்தியது, 2009-ல் திருத்தியது.

உச்ச நீதிமன்றம் வேறொரு வழியாக இதை நெருங்கியிருக்கிறது. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதற்கு நிபந்தனையோடு இடம் தந்தது. 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க அனுமதித்தது. நீதித்துறை நடுவர் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனை அதை முடக்கியதால், 2023 ஜனவரியில் நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ போதும் என்று தளர்த்தியது. சிகிச்சையை விலக்கும் முடிவை இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். தருமபுரியை ஒட்டிய கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கான ஆணையை வெளியிட்டது. இவையெல்லாம் உயிரோடிருக்கும், குணமாக வழியில்லாத நோயாளிகளுக்கானவை. மூளைச்சாவு அடைந்தவருக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவே கூடாது.

இருந்தாலும் எழுதிவைத்த விருப்பம் ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்துக்குப் பெரிய துணை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தனக்காகப் பேசக்கூடியவர்கள் யார் என்று பெயர் குறிக்க வேண்டும். ஒரு நகலை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடம் தர வேண்டும். பென்னாகரத்திலோ அரூரிலோ ஒருவர் அந்தத் தாளை நீட்டினால் வாங்கிப் பாதுகாக்க வேண்டியவர் இன்னார் என்று ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலகமும் குறித்திருக்க வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இட்ட வேலை.