உலையின் நிறமும் வடத்தின் இறுக்கமும்

தமிழ் இலக்கிய வாசகருக்கு விருத்தாசலம் என்னும் பெயர் முதலில் ஓர் ஊரை நினைவூட்டுவதில்லை. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, பின்னர் புதுமைப்பித்தன் என்று எழுதிய சொ. விருத்தாசலத்தையே நினைவூட்டும். ஊரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. தேவாரத்தில் அதன் பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் கோயிலைச் சுற்றி வளர்ந்த அந்தப் பழைய ஊரில் 1960-களில் செராமிக் தொழிற்பேட்டை ஒன்று எழுந்தது. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைத்தது. ஊறுகாய் ஜாடிகள், பிள்ளையார் பொம்மைகள், வீட்டு மின்சாரப் பலகையில் பொருத்தும் ஃபியூஸ் கேரியர்கள் என்று அங்கிருந்து சரக்கு புறப்பட்டது.

இத்தகைய பேட்டையின் வரலாற்றை முதலீடு, உற்பத்தி, கடன் என்று எழுதலாம். அரசுக் கோப்புகள் அப்படித்தான் எழுதும். நாம் இங்கே கேட்க விரும்புவது வேறொன்று. ஒரு வேலையை எந்தக் கணத்தில் செய்யவேண்டும் என்பதை உடல் எவ்வாறு அறிகிறது? பலர் சேர்ந்து வேலை செய்யும்போது அந்தக் கணம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு சென்று சேர்கிறது?

பொம்மை வார்ப்பதை எடுத்துக்கொள்வோம். நீரில் கரைத்த களிக்குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரை ஒட்டிக் களிமண் ஏடு போலப் படிகிறது. ஏடு வேண்டிய தடிமனை எட்டியதும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்தினால் பொம்மை கையில் நொறுங்கும். பிந்தினால் கனத்து, சூளையில் வெடிக்கும். இதற்கு இத்தனை நிமிடம் என்று எழுதிவைத்தால் போதாதா? போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சு ஈரம் சுமந்திருக்கும், உறிஞ்சுவது மந்தப்படும். காலையில் முதன்முறை ஊற்றிய அச்சும் மாலையில் பலமுறை ஊற்றி நனைந்த அச்சும் ஒரே வேகத்தில் குடிப்பதில்லை. எனவே கடிகாரத்தைவிட அச்சின் வாயைப் பார்ப்பதே வழி. குழம்பின் மட்டம் எவ்வளவு இறங்கியது, விளிம்பில் ஏடு எவ்வளவு தடித்தது என்று கண் அளக்கிறது. கவிழ்த்த பின் உட்புறத்து ஈரப் பளபளப்பு மங்குவது அடுத்த குறி. அதன் பின்னரே அச்சைப் பிரிக்கலாம்.

வரிசையாக அடுக்கிய அச்சுகளில் ஒருவர் ஊற்றிக்கொண்டே போகிறார். அவர் கடைசி அச்சை எட்டும் வேளையில் முதல் அச்சு கவிழ்க்கப் பக்குவமாகிவிடும். பின்னால் வருபவர் முன்னவரின் கையைப் பார்த்து நடப்பதில்லை, களிமண்ணைப் பார்த்து நடக்கிறார். இருவரின் நடையும் இசைந்துபோவது, இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பதால்தான். அடுத்து, அச்சுப் பொருத்தின் தழும்பைச் சுரண்டி வழிப்பவர் பொம்மையைப் புறங்கையிலோ கன்னத்திலோ ஒற்றிப் பார்க்கலாம். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இன்னும் உலர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டுபோவதால் வரும் குளிர்ச்சி அது. அந்த விளக்கம் பாடநூலில் ஏறுவதற்கு முன்பே கன்னத்துக்கு அது தெரியும்.

கிராமத்துக் குயவரிடம் இந்த அறிவு இன்னும் பழையது. பானையின் அடிப்பாகத்தைத் தட்டி விரிக்கும்போது உள்ளே ஒரு கை கல்லை அண்டை கொடுக்கிறது; வெளியே மறுகை மரத்தட்டியால் அடிக்கிறது. உள்ளிருக்கும் கையைக் கண்ணால் காண முடியாது. இருந்தும் ஒவ்வோர் அடியும் கல்லின் மேலேயே விழுகிறது. சுவர் மெலிய மெலிய ஓசை மாறும்; அதைக் கேட்டே அடியின் கனம் குறையும். கண் விலகி நிற்க, காதும் உள்ளங்கையும் இரு கைகளையும் ஒன்றாக நடத்துகின்றன.

இந்த உடலறிவை ஆலை முதலாளி ஐயத்தோடுதான் பார்த்தார். இங்கிலாந்தில் ஜொசையா வெட்ஜ்வுட் 1769-இல் எட்ருரியா என்னும் தம் பீங்கான் ஆலையைத் திறந்தார். ‘புனிதத் திங்கள்’ என்று சொல்லி வாரத்தின் முதல் நாளைக் குடித்துக் கழிக்கும் வழக்கமுள்ள குயவர்களை மணியோசைக்குள் கொண்டுவர முயன்றார். தொழிலாளர் வருகையைக் குறித்துவைக்கும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவராக அவரை ஈ.பி. தாம்ப்சன் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் குறிப்பிடுகிறார். நமக்குச் சுவையாகத் தோன்றுவது வெட்ஜ்வுட்டின் கட்டளையிலுள்ள ஒரு சிறு விலக்கு: முதல் மணி காலை ஐந்தே முக்காலுக்கு, அல்லது வேலை செய்யுமளவுக்குக் கண் தெரிவதற்குக் கால் மணி நேரம் முன்பு. கடிகாரத்தின் ஆட்சி தொடங்கிய இடத்திலேயே இருட்டுக்கும் கண்ணுக்கும் அது வழிவிட வேண்டியிருந்தது.

சூளைக்குள்ளும் அவர் கண்ணை நம்பவில்லை. சிவப்பு, பளிச்சிவப்பு, வெண்மை என்ற சொற்கள் ஆளுக்காள் மாறுபடும் என்பது அவர் குறை, நியாயமான குறைதான். வேகும்போது சுருங்கும் சிறு களிமண் துண்டுகளைக் கொண்டு வெப்பம் அளக்கும் கருவி ஒன்றை அமைத்து 1782-இல் ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். மறு ஆண்டே அதன் உறுப்பினரானார். ஆனால் அவருடைய அளவுகோல் வார்ப்பிரும்பு உருகும் வெப்பத்தை ஏறத்தாழ 18,000 பாரன்ஹீட் என்று காட்டியது. உண்மையில் அது 2,200-ஐ ஒட்டியது. உலைமூட்டியின் கண்ணுக்கு எண் சொல்லத் தெரியாது என்பது மெய். ஆயினும் இப்படிப்பட்ட தவறான எண்ணையும் அது சொல்லியிராது.

கண் என்ன சொல்கிறது? சூடான பொருள் ஏறத்தாழ 525 செல்சியசில் மங்கலாக ஒளிரத் தொடங்குகிறது என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-இல் கண்டார். பிறகு கருஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்று ஏறும். எந்தப் பொருளாயினும் ஒரே வெப்பத்தில் சிவக்கும் என்பதை 1792-இல் கவனித்தவர் வெட்ஜ்வுட்டின் மகன் தாமஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூளைச் சுவரும் உள்ளிருக்கும் சரக்கும் ஒரே வெப்பத்தை எட்டிவிட்டால் இரண்டும் ஒரே நிறத்தில் ஒளிர்ந்து, பொருளின் விளிம்புகளே கரைந்து மறைகின்றன. பார்வைத்துளை வழியே பார்ப்பவருக்கு ஏதும் தெரியாமற்போகும் அந்த நிலையே, வெப்பம் எங்கும் சமமாகப் பரவியதற்கு அறிகுறி.

பெர்லின் அரசுப் பீங்கான் ஆலையோடு தொடர்புடைய ஹெர்மன் ஸேகர் 1886-இல் வெளியிட்ட கூம்புகள் இந்தச் சிக்கலுக்கு அழகான விடையளித்தன. சரக்கை ஒத்த கலவையால் செய்த சிறு கூம்பு, உரிய பக்குவத்தில் தலை சாய்க்கிறது. அது வெப்பமானி அன்று. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்து உணர்ந்தே அது சாய்கிறது. அதாவது, எண்ணுக்குப் பதிலாகக் களிமண்ணின் நிலையையே சாட்சியாக நிறுத்தினார் ஸேகர். விறகும் கரியும் தள்ளுபவர், காற்றுவழியைத் திறந்து மூடுபவர் எல்லோரும் அந்த ஒரு சாய்வைக் கண்டே அடுத்த அசைவைத் தொடங்கலாம். அதற்கு முன்பே, சூளையிலிருந்து சோதனை வளையம் ஒன்றைக் கம்பியால் இழுத்தெடுத்துப் பார்க்கும் வழக்கம் குயவரிடம் இருந்தது. இந்த ஊரின் புராணத்திலும் அதற்கோர் இணை இருக்கிறது: சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, மாற்று ஒப்பிட்டுப் பார்க்க முன்கூட்டியே ‘மச்சம்’ வெட்டி வைத்திருந்தார் என்கிறார்கள். இறைவன் கணக்கிலும் மாதிரித் துண்டு வேண்டியிருந்தது போலும்.

பேட்டையில் கண்ணே முதன்மை. உடல்கள் பலவாக ஒரே கணத்தில் அசைய வேண்டிய வேலையைப் பார்க்க ஊருக்குள் போகவேண்டும், மாசி மகத் தேரோட்டத்துக்கு. வடம் பிடிப்பவருக்குத் தேர் முதுகுக்குப் பின்னால். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு நிற்பவருக்கு வடத்தின் முனை தெரியாது. ஆகவே தாளமும் சங்கும் கூட்டத்தின் குரலும் நடத்துகின்றன. ஒளிக்கு எதிர்வினை காட்ட நமக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஓசைக்கு அதைவிடக் குறைவு. சீரான தட்டுக்கு விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஓசைக்குச் சற்று முன்னரே தட்டுகிறார்கள் என்பதும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டது. கேட்ட தாளத்துக்கு அல்ல, வரப்போகும் தாளத்துக்கே உடல் ஆயத்தமாகிறது. நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மேளம் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாகக் கேட்கும். அந்தப் பிழையை உள்ளங்கையில் இறுகும் வடம் திருத்துகிறது. முட்டுக்கட்டைக்காரருக்கோ இந்தத் தாமதம் கால் நசுங்கும் விஷயம். அவர் மேளத்தைவிட, சக்கரம் முனகும் ஓசையையே கேட்கிறார்.

தேரில் அவருக்கு மரியாதை உண்டு. பேட்டையில் கன்னத்தால் ஈரம் அறிபவருக்கு எண்ணிக்கைக் கூலி. நம் கூலிப் பட்டியல்களில் தேர்ச்சி என்பது சான்றிதழின் மறுபெயராகிவிட்டது என்றே தோன்றுகிறது. எரிவாயுச் சூளைகளில் இப்போது மின்னெண்கள் வெப்பத்தைச் சொல்கின்றன. புகையில் கண் அவியாமல் வேலை செய்வது நல்லதே, அதற்காக நாம் வருந்தவில்லை. ஃபியூஸ் கேரியர் இருந்த இடத்தை எம்.சி.பி. சுவிட்சுகள் பிடித்துக்கொண்டன, அந்தச் சரக்குக்கான சந்தை சுருங்கியது. ஒரு கூடம் மூடும்போது அச்சுகளுக்கும் சூளைக்கும் விலை குறிக்க ஆள் வருவார். மழைநாளில் எந்த அச்சை எப்போது கவிழ்ப்பது என்பதற்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.

சூளை பிரித்த நாளில் இறக்கிய சரக்கை இரண்டிரண்டாகக் கையிலெடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுகிறார்கள். கணீர் என்றால் வலப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசலால் ஓசை மழுங்கினால் இடப்பக்கம். தட்டும் கை நிற்பதில்லை.