மரச்சட்டம் தாங்கிய வண்டி

மோரிஸ் மைனரின் வரலாற்றில் 1953இல் வந்த டிராவலர் தனித்துப் பேசத்தக்கது. பின்னால் இரட்டைக் கதவு, மடங்கும் இருக்கை. ஒரு நடுத்தரக் குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு அடங்கிவிடும் சிறிய ஸ்டேஷன் வேகன். அதன் பின்பாதியில் ஓடும் ஆஷ் மரச்சட்டங்கள் பார்ப்பவர்க்கு அலங்காரமாகத் தோன்றும். உண்மையில் கூரையையும் பக்கங்களையும் தாங்கும் எலும்புக்கூடு அவைதாம். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசின் மினிக்கும் 1960இல் டிராவலர் வடிவம் வந்தது. அதன் மரமோ வெறும் ஒட்டுவேலை.

ஆகவே இவ்வண்டியை வைத்திருப்பவர் பாதி வீட்டுக்காரர் எனலாம். வார்னிஷ் உரிந்த இடத்தில் நீர் இறங்கும். சன்னல் கண்ணாடி நகரும் காடியில் பாசி படியும். கீழ்ச்சட்டம் கறுத்து இற்றுப்போகும். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் இற்ற சட்டம், துருவேறிய அடிப்பாகத்துக்கு நிகரான குறை, வண்டி தேறாது. அப்போது உரிமையாளர் மெக்கானிக்கை விட்டுத் தச்சரைத் தேட வேண்டும். (புட்டி வைத்துப் பூசி மறைப்போர் எந்த ஊரிலும் உண்டு.) ஒரு சட்டத்தை மாற்றப் புகுந்தால் அதனோடு இணைந்தவையும் கழலும். பலர் பின்பாதி முழுவதையுமே மாற்றிவிடுகிறார்கள். உற்பத்தி 1971இல் நின்றுவிட்டது. ஆயினும் அதே அளவில் ஆஷ் சட்டங்களை இழைத்து விற்கும் பட்டறைகள் இங்கிலாந்தில் இன்றும் இயங்குகின்றன.