கோஸ்ட்டா ரிக்கா: காட்டை இழந்து மீட்ட நாடு

உலகப் படத்தை விரித்து, கன்னியாகுமரிக்கும் கோயமுத்தூருக்கும் இடைப்பட்ட அகலக்கோடுகளை மேற்கு நோக்கித் தொடர்வோம். ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் தென் அமெரிக்காவின் வட விளிம்பையும் கடந்தால், நடு அமெரிக்காவில் ஒரு சிறு நாட்டை அடைவோம். அதுவே கோஸ்ட்டா ரிக்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 50 இலட்சம்.

வெப்பமண்டலத்தின் வெயிலும் மழையுமே அங்குள்ள நாடுகளை ஏழ்மையில் வைத்திருக்கின்றன என மேனாட்டு அறிஞர் சிலர் ஒரு காலத்தில் எழுதினர். இந்நாட்டின் வரலாறு அக்கருத்தை ஏற்கவில்லை.

நிலமும் மழையும்

பசிபிக் கடலடியிலுள்ள கோக்கோஸ் பாறைத்தட்டு, கரீபியன் தட்டின் அடியில் மெல்லச் செருகிச் செல்கிறது. இதனால் இங்கு நிலநடுக்கங்கள் அடிக்கடி நிகழ்கின்றன. எரிமலைகள் வரிசையாய் நிற்கின்றன. இராசு எரிமலை 1963 முதல் 1965 வரை தலைநகரான சான் ஹொசே மீது சாம்பலைப் பொழிந்தது. 1968இல் அரேனால் எரிமலை வெடித்துச் சிற்றூர்களை அழித்தது. ஆயினும் காப்பித் தோட்டங்களை வளர்த்த மண்ணும் எரிமலைச் சாம்பல் தந்த மண்ணே.

நாட்டின் நடுவே மலைத்தொடர் ஓடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போலவே இதுவும் மழையைப் பங்கிடுகிறது. வடகிழக்கு வணிகக்காற்று மோதும் கரீபியன் சரிவில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. பசிபிக் பக்கத்திலோ மே முதல் நவம்பர் வரையே பெருமழை. அங்குச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அம்மக்கள் 'குளிர்காலம்' என்பது இம்மழை மாதங்களையே. டிசம்பரும் சனவரியும் அவர்களுக்குக் 'கோடை'! சுமார் 1,150 மீட்டர் உயரத்திலுள்ள சான் ஹொசேயில் ஆண்டு முழுவதும் இதமான தட்பவெப்பமே நிலவுகிறது.

பொன்னில்லாத பொன்னாடு

1502இல் கொலம்பஸ் இக்கரைக்கு வந்தார். மக்கள் அணிந்திருந்த பொன் அணிகள் ஸ்பானியரின் ஆசையைத் தூண்டின. 'செல்வக் கரை' என்னும் பொருள்படும் பெயர் நிலைத்தது. எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. வந்தவர் கொணர்ந்த நோய்களாலும் ஒடுக்குமுறையாலும் பழங்குடி மக்கள் பெருமளவில் மாண்டனர்.

1821இல் விடுதலை கிடைத்தபின் காப்பிப் பயிர் நாட்டிற்கு வருவாய் தேடித் தந்தது. காப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல, சான் ஹொசேயிலிருந்து லிமோன் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அப்பணியில் நோயாலும் விபத்தாலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் இறந்தனர். அவர்களுள் ஜமைக்காவிலிருந்து வந்தோர் பலர். 1890இல் பாதை முடிவுற்றது. பாதையோரம் பயிரிட்ட வாழைத் தோட்டங்கள் பெருகி, 1899இல் யுனைட்டெட் ஃபுரூட் என்ற அமெரிக்க நிறுவனம் தோன்ற வழி செய்தன.

படையைக் கலைத்தல்

1948இல் தேர்தல் முடிவு குறித்த பூசல் உள்நாட்டுப் போராக மூண்டது. ஆறு வாரங்களில் போர் முடிந்தது. வென்றவர் ஹொசே ஃபிகேரஸ். வென்ற தலைவர்கள் பொதுவாகப் படையைப் பெருக்குவர். இவரோ அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் படைவீட்டுச் சுவரில் சம்மட்டியால் அடித்து, இராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இதனை உறுதி செய்தது. படைவீடு தேசிய அருங்காட்சியகம் ஆயிற்று. அரசின் பணம் கல்விக்கும் மருத்துவத்திற்கும் கூடுதலாகச் சென்றது. இன்று அங்குச் சராசரி ஆயுட்காலம் 80 ஆண்டை ஒட்டியுள்ளது.

இம்முடிவால் எதிர்பாராத பயனொன்றும் விளைந்தது. போரில் சேர மறுத்த அமெரிக்கக் குவேக்கர் குடும்பங்கள் சில, படையில்லா நாடு என்பதற்காகவே 1951இல் இங்குக் குடியேறின. மான்டேவெர்டே மலையில் தங்கள் நீரூற்றுகளைக் காக்க அவர்கள் ஒதுக்கிய முகிற்காடு, 1972இல் தோன்றிய புகழ்மிக்க காப்பகத்திற்கு வித்தாயிற்று.

காடு அழிந்ததும் மீண்டதும்

ஆனால் நாட்டின் பிற பகுதிகளில் காடு வேகமாய் அழிந்து கொண்டிருந்தது. 1940களில் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. 1980களில் கால் பங்கே எஞ்சியது. ஏன்? காட்டை வெட்டித் திருத்தியவனுக்கே நிலம் உரிமையாகும் வகையில் சட்டம் அமைந்திருந்தது. வங்கிகள் மாட்டுப் பண்ணைகளுக்கு எளிய கடன் தந்தன. மாட்டிறைச்சி அமெரிக்காவிற்கு ஏற்றுமதியாயிற்று. சரிவுகளில் மண் அரித்தது. ஆறுகள் வண்டலைச் சுமந்தன. பெரும்பாலும் நீர்மின்சாரத்தை நம்பும் நாட்டிற்கு இது பெருங்கேடு.

1980களில் இறைச்சி விலை சரிந்தது. நாடு கடன் நெருக்கடியில் சிக்கியது. மேய்ச்சல் நிலங்கள் சில கைவிடப்பட்டு, அங்கே மரங்கள் தாமாக முளைத்தன. 1996ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. கரியமிலவாயுவை ஏற்றல், நீரைக் காத்தல், உயிரினங்களைப் பேணல், இயற்கையழகு ஆகிய நான்கு பணிகளுக்காகக் காட்டு உரிமையாளருக்குப் பணம் தரவும் வகை செய்தது. எரிபொருள் மீதான வரி இதற்கு நிதி தந்தது. இன்று பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் மீண்டும் மரங்கள் நிற்கின்றன.

எல்லாம் நலமே என்று கூறிவிட முடியாது. மான்டேவெர்டேயில் மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989க்குப் பின் காணப்படவில்லை. காப்பகத்திற்குள் இருந்தும் அது பிழைக்கவில்லை. பூஞ்சை நோயும் தட்பவெப்ப மாற்றமும் காரணங்களாய்க் கருதப்படுகின்றன. அன்னாசித் தோட்டங்களின் பூச்சிமருந்து குடிநீரைக் கெடுத்த ஊர்களும் உண்டு. 2023இல் கொலைக் குற்றங்கள் முன் காணாத அளவு பெருகின.

எனினும் ஒன்று தெளிவு. 1950இல் பெய்த மழைதான் 2000இலும் பெய்தது. காய்ந்த வெயிலும் அதுவே. வெட்டுபவனுக்கு நிலம் என்றபோது காடு அழிந்தது. காப்பவனுக்குப் பணம் என்றபோது திரும்பத் தழைத்தது. வறுமைக்கும் வளத்திற்கும் தட்பவெப்பத்தையே காரணமாக்குவோர், அந்தந்த நாட்டின் சட்டம் யாருக்குப் பரிசளிக்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.