மரக்கோயில்களும் மரத்தேரும்

வைகையின் வடகரையில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்து, பழைய சாசனங்களில் சோழாந்தக சதுர்வேதிமங்கலம் என்று வழங்கப்பெற்ற சோழவந்தானிலிருந்து ஆற்றைக் கடந்து தென்கரை மூலநாத சுவாமியைத் தரிசிக்கச் செல்லும் பக்தர்களில், அந்த ஆலயத்தின் கல்வேலையில் பாதி கல்லுக்கே உரியதன்று என்பதைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே. தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்கும் போதிகை, தச்சனுடைய யுக்தி. நீண்ட மரவிட்டம் நடுவில் தொய்ந்துவிடாதிருக்க, தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே ஒரு குறுங்கட்டையை வைத்துப் பாரத்தைப் பகிர்ந்துவிடுவது அவன் வழக்கம். சுவருக்கு வெளியே வளைந்து இறங்கும் கபோதம், கூரையின் இறவாணம். அதன்மேல் வரிசையாக அமைந்த கூடுகள், மரத்தையும் மூங்கிலையும் வளைத்துக் கட்டிய கூரையின் முகப்பு. கல்லை இப்படிச் செதுக்கவேண்டிய நிர்ப்பந்தம் ஸ்தபதிக்கு எதுவுமில்லை. கோயிலென்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பாட்டன் காலந்தொட்டுக் கண்டு பழகியிருந்தான், ஆகவே செதுக்கினான்.

அந்தப் பாட்டன் கண்ட ஆலயங்கள் இன்று ஒன்றுகூட இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் எடுத்தபோது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இல்லாமலே இது ஆயிற்று என்று வடமொழியில் சாசனம் பொறித்துப் பெருமிதம் கொண்டான். அதற்குமுன் தமிழகத்துக் கோயில்கள் எவற்றால் ஆனவை என்பதற்கு அந்தப் பெருமிதமே சாட்சி. அவனுக்குப் பின்வந்த பல்லவர் மாமல்லபுரத்தில் தனிப்பாறைகளைச் செதுக்கியபோது, திரௌபதி ரதம் அப்பட்டமான கூரைக் குடிசையாகவும், பீம ரதம் வண்டிக்கூண்டை ஒத்த நீள்கூரையாகவும் உருவெடுத்தன.

மரத்தால் கட்டிய கோயில் எண்ணூறு ஆண்டு, தொள்ளாயிரம் ஆண்டு நின்றால் எப்படியிருக்கும் என்று காண விரும்புகிறவர்கள் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே தேசத்துக்குப் போகலாம். பதினோராம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மதம் அங்கே வேரூன்றியபின், மலைப் பள்ளத்தாக்குகளிலும் கடற்கழிகளின் ஓரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கோயில்கள் எழுந்தன; இன்று எஞ்சி நிற்பவை 28 மாத்திரமே. கல் கிடைக்காத தேசம் என்று எண்ணிவிடக் கூடாது; திரோண்ட்ஹைம் நகரத்துப் பேராலயம் முழுக்க முழுக்கக் கல்லால் ஆனது. ஆயினும் கப்பல் கட்டிப் பெயர்பெற்ற அந்தத் தச்சர் பரம்பரை கிராமத்துக் கோயிலுக்கு மரத்தையே தேர்ந்துகொண்டது.

அவர்கள் முதலில் கம்பங்களை மண்ணில் குழிதோண்டி நட்டார்கள், அடிப்பாகம் இற்றுப்போயிற்று. பிறகுதான் அந்த நல்ல யோசனை பிறந்தது: தரையில் கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் பெரிய விட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கவ்வவைத்து, அந்தச் சட்டத்தின்மேல் கம்பங்களை நிறுத்தினார்கள், ஈரம் கல்லோடு நின்றுவிட்டது. கம்பங்களுக்கிடையே பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் காடிக்குள் நாக்குப்போல நுழையும்படி இணைத்தார்கள். மூலைகளில், இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்துண்டுகளை முட்டாகக் கொடுத்தார்கள். 1180-ஐ ஒட்டி வெட்டிய மரங்களால் எழுந்த போர்குண்ட் கோயிலைப் பார்த்தால், செங்குத்தான கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக உயர்ந்து, மீன்செதில்போல் மரச்சில்லுகள் வேய்ந்து, முகட்டு நுனிகளில் யாளியை நினைவூட்டும் பறவைநாகத் தலைகள் வாய்பிளந்து நிற்பதைக் காணலாம். வேலைக்கு எடுத்தது வைரம் பாய்ந்த பைன் மரம். மரத்தை வெட்டுமுன்பே உச்சியைத் தறித்துச் சில ஆண்டுகள் நிற்கவிட்டுப் பிசின் ஊறச்செய்வார்கள் என்பர். வெளிப்புறமெங்கும் தார் பூசினார்கள். அதைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பூசியும் வந்தார்கள். மரத்தின் ஆயுள் மரத்தைவிட இந்தப் பராமரிப்பிலேதான் அதிகம் இருந்தது என்பது என் துணிபு.

இத்தனை சிரத்தையோடு காத்த ஜனங்களே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை இடிக்கவும் செய்தார்கள் என்பது விநோதம். ஊர்க்கோயிலில் அவ்வூர் ஜனத்தொகையில் பத்தில் மூன்று பங்கினர் அமர இடம் வேண்டும் என்று 1851-ல் சட்டம் வந்தது. சிறிய, இருண்ட பழங்கோயில்கள் பல விழுந்தன. அதற்குமுன்பே விழிப்படைந்தவர் யோஹன் கிறிஸ்டியன் டால் என்ற ஓவியர். வாங் என்ற ஊரின் கோயில் 1841-ல் ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்து, பிரஷ்ய மன்னருடைய பொருளுதவியால் சைலீஷிய மலைப்பகுதியில் மீண்டும் எழுப்பச் செய்தார்; போலந்து நாட்டில் அது இன்றும் நிற்கிறது. 1844-ல் புராதனச் சின்னங்களைக் காக்க ஒரு சங்கமும் தோன்றிற்று.

நம் நாட்டு மரக்கோயில்கள் மறைந்ததற்கு ஏலமோ சட்டமோ காரணமில்லை. கரையானும் பருவமழையும் தீயும் போதுமானவையாயிருந்தன. ஆனைமலையும் நாகமலையும் கண்ணெதிரே நிற்கும் மதுரைச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமுமில்லை. ஆயினும் பழமையை விடாத சந்நிதிகளில் மரம் பிழைத்துக்கொண்டது. சிதம்பரத்தில் நடராஜர் ஆடும் சிற்றம்பலம், பொன்னோட்டின் கீழ் மரத்தாலான மன்றமே. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையும் செப்புக் கூரையின் கீழ் மரச்சிற்பங்களைத் தாங்கி நிற்பதுதான். கல்தச்சனின் மரமோகத்துக்கு உச்சம் ஆவுடையார்கோயில். அங்கே கொடுங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கைமரங்கள், குறுக்குச் சட்டங்கள், அவற்றை இறுக்கிய ஆணிகளின் கொண்டைகள் வரை எல்லாம் கருங்கல். ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். கதையானாலும் பொருத்தமான கதை.

ஆனால் நார்வேயின் மரக்கோயிலுக்கு நேரான நம் சிருஷ்டி எதுவென்று கேட்டால், நான் சிதம்பரத்தைக்கூடச் சொல்லமாட்டேன், தேரைத்தான் சொல்வேன். வைகாசித் திருவிழாவில் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் ஏறிவரும் தேரும், மதுரை மாசி வீதிகளில் சித்திரையில் உருளும் பெருந்தேர்களும் ஓடுகின்ற மரக்கோயில்களே. தேரின் அடிப்பாகத்தைக் குனிந்து நோக்குங்கள்: அச்சின்மேல் பார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன, கழுந்தும் துளையும் பொருந்தி அடுக்குக்கு அடுக்கு வெளியே விரிந்து, மேலே தேவாசனம் வரை பாரத்தைத் தாங்குகின்றன. நின்ற இடத்தில் நிற்கும் கட்டடத்துக்கு இல்லாத ஒரு சோதனை இதற்கு உண்டு. வடம் பிடித்து இழுக்கையில் ஏற்படும் குலுக்கலையும், முட்டுக்கட்டை விழும்போது தாக்கும் அதிர்ச்சியையும் மூட்டுகள் இறுகாமலும் நெகிழ்ந்துவிடாமலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்றதென்று நம் ஆசாரிகள் கண்டது இலுப்பை. இப்போது பல தேர்களில் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்த இரும்பாகிவிட்டன. உடம்பு மரமாகவே இருக்கிறது.

தீ இரு நாட்டுக்கும் பொதுச் சத்துரு. பெர்கன் நகரை அடுத்த ஃபன்டாஃப்ட் கோயிலை 1992-ல் யாரோ கொளுத்தினார்கள். 1997-க்குள் பழைய முறைப்படியே கட்டி முடித்தார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்தது. 1930-ல் புதுத்தேர் ஓடிற்று. தச்சு மரபு உயிரோடிருக்கும் இடத்தில் எரிந்ததை மீண்டும் எழுப்பலாம். எரியாமலே கைவிட்டுப்போகும் பழஞ்சிற்பங்களுக்குத்தான் பரிகாரமில்லை. பழைய தேரைக் கழித்துப் புதுத்தேர் செய்யும் ஊர்களில், பக்கங்களைப் பொதிந்திருந்த சிற்பப் பலகைகள் கொட்டகை மூலையில் கிடந்து கரையானுக்கு இரையாகின்றன, அல்லது பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போய்விடுகின்றன. நார்வேயில் 1130-ஐ ஒட்டி ஊர்னெஸ் கோயிலைப் புதிதாகக் கட்டிய தச்சர்கள், அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த கோயிலின் செதுக்குவேலை கொண்ட கதவுநிலையையும் பலகைகளையும் எடுத்துப் புதுச்சுவரின் வடபுறத்தில் பொருத்தினார்கள். உலகம் அந்த ஊரை இன்று அறிவது பெரும்பாலும் அந்தப் பழம்பலகைகளால்தான். நம் ஊர்த் தேர்த்திருப்பணிக் குழுவினரும் பழைய பலகைகளில் உறுதியானவற்றைப் புதுத்தேரிலேயே பதிக்கவேண்டும். பதிக்க இயலாதவற்றைக் கோயில் மண்டபத்தில், கரையான் எட்டாத உயரத்தில், எந்தத் தேருக்குரியவை என்று எழுதி மாட்டிவைக்கவேண்டும்.