சட்டம் வந்தது, ஊர் மனசு வரவில்லை



கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஊர் வாய்க்குப் பயந்த வீடுகள்தான் இடம் கொடுக்கவில்லை.

அ. மாதவையா 1892-ல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற தொடரைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. அதையே 1903-ல் 'முத்துமீனாட்சி' நாவலாக முடித்தார். சிறு வயதில் விதவையானவள் தன் கதையைத் தானே சொல்கிறாள், மறுமணமும் செய்துகொள்கிறாள். சட்டம் வந்து 47 ஆண்டுகள் கழித்தும் அதை எழுதத் துணிச்சல் வேண்டியிருந்தது.

என் பாட்டியின் அக்காவும் பத்து வயதில் தாலி இழந்தவர். கடைசிவரை எங்கள் அடுப்படியிலேயே காலம் கழித்தார். "உங்களுக்கு என்ன ஆசை, பெரிய பாட்டி?" என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. வாத்தியாரான நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்குமுன், அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.