மின்னல் குறி சொல்லும் சேதி



பனிமய மாதா சப்பர பவனியில் எடுத்த படங்களைச் சிலர் அனுப்பியிருந்தீர்கள். "ஃபிளாஷ் போட்டும் இருட்டாவே விழுதே, ஏன் சார்?" என்றும் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் பழைய கதை.

1887-ல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியப் பொடியில் பொட்டாசியம் குளோரேட் கலந்து, பற்றவைத்துப் படம் எடுக்க வழி கண்டார்கள். வெளிச்சம் வந்தது, கூடவே புகையும் தீக்காயமும் வந்தன. 1893-ல் பிரெஞ்சுக்காரர் லூயி பூத்தான் மக்னீசிய வெளிச்சத்தைக் கடலுக்கடியிலேயே கொண்டுபோனார். 1929-ல் பல்பு வந்தது. ஒரு பல்புக்கு ஒரே படம்தான். 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்ஜர்ட்டன், மின்சாரத்தைச் சேர்த்துவைத்து வாயுக் குழாயில் ஒரே நொடிப்பில் பாய்ச்சினார். இன்றைய ஃபிளாஷ் அந்த வழியில் வந்ததுதான்.

சேர்த்துவைக்க நேரம் வேண்டுமே? அதைச் சொல்லத்தான் ஃபிளாஷில் ஒரு சின்ன நியான் விளக்கு வைத்தார்கள். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் வியூஃபைண்டரில் தெரியும் மின்னல் குறி அதன் பேரப்பிள்ளை. குறி நிலையாக நின்றால் தயார். நிக்கானில் படம் எடுத்தவுடன் அது சில நொடி சிமிட்டினால், முழு பலமும் செலவாகிவிட்டது, வெளிச்சம் போதாமல் போயிருக்கலாம் என்று பொருள். கேனானில் "பிசி" என்று எழுத்து வந்தால் இன்னும் மின்சாரம் ஏறுகிறது.

தூரமும் ஒரு கணக்கு. கைடு நம்பர் 12 உள்ள ஃபிளாஷ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4-ல் மூன்று மீட்டர்தான் எட்டும். தெருக்கோடியில் வரும் சப்பரத்துக்கு அது எப்படி எட்டும்?

சில வருடங்களுக்கு முன், அந்திக் கருக்கலில், முத்துக்குளித்த பெரியவர் ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையில் படம் எடுத்தேன். முதல் படம் நன்றாக விழுந்தது. அவசரத்தில் எடுத்த இரண்டாவது வெறும் இருட்டு. குறி சிமிட்டியதைக் கவனிக்காதது என் தப்பு. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்: "கீழ இருந்து நாங்க கயித்த ஆட்டுன பொறவுதான் மேல இருக்கவன் இழுப்பான். உமக்கு அந்த வெளிச்சம்தான் கயிறு, வாத்தியாரே." இத்தனை வருடம் பாடம் நடத்தியவனுக்கு ஒரு வரியில் பாடம்.

அவர் இப்போது இல்லை. அந்த ஒரு படம்தான் மிச்சம்.

நம் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அன்று இருபது வயதில் பாருக்கு இறங்கியவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பேசவிட்டு, ஒரு படம் எடுங்கள். பின்னால் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள்.

குறி நிலையாக நின்ற பிறகு அழுத்துங்கள். ஆனால் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.