ஒரே எழுத்துக்கூட்டல், மூன்று தமிழ்ச் சொற்கள்: ஜோகுபாளையத்திலிருந்து ஒரு குறிப்பு

மொனாப்பொலி, ட்ரிச்சினாப்பொலி, கானிக்காப்பொலி, பாலிகர். ஆங்கிலத்தில் எழுதும்போது இந்நான்கு சொற்களிலும் பி, ஓ, எல், ஒய் என்னும் நான்கு எழுத்துகள் வரிசை மாறாமல் வருகின்றன. பார்வைக்கு ஒரே குடும்பம். ஆயினும் பிறப்பால் ஒன்றுக்கொன்று உறவில்லை.

முதற்சொல் கிரேக்கம். தனியொருவன் விற்றல் என்பது அதன் பொருள். 1600ஆம் ஆண்டின் பட்டயத்தால் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றதும், 1813இல் தேயிலை, சீன வணிகம் நீங்கலாக இழந்ததும் இந்த உரிமையே. ஏனைய மூன்றும் அக்கம்பெனியின் ஏடுகளில் தமிழகத்திலிருந்து ஏறியவை.

ட்ரிச்சினாப்பொலி என்பது திருச்சிராப்பள்ளி. பள்ளி என்பது உறைவிடம். சிறப்பாகச் சமண முனிவர் உறைவிடம். மலைக்கோட்டைக் குன்றிலுள்ள கற்படுக்கைகள் அதற்குச் சான்று. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் சுருட்டின் பெயராயிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் சாம்பலைக் கொண்டே அச்சுருட்டு அடையாளம் காணப்படுகிறது. வைக்கிங் காலத்து வெள்ளிக் கம்பிப் பின்னலையும் தொல்லியலாளர் இப்பெயராலேயே குறிக்கின்றனர்.

கானிக்காப்பொலி என்பது கணக்கப்பிள்ளை. 17ஆம் நூற்றாண்டுச் சென்னைக் கோட்டை ஆவணங்களிலேயே நகரக் கணக்கப்பிள்ளை என்னும் அலுவலர் இவ்வடிவில் தோன்றுகிறார்.

பாலிகர் என்பது பாளையக்காரர். தமிழில் பாளையக்காரர், கன்னடத்தில் பாளேகார, தெலுங்கில் பாளெகாடு, மராத்தியில் பாளேகார் என வழங்கும் இச்சொல்லின் ஆங்கில வடிவத்தை ஒரு மொழிக்கு மட்டும் உரிமையாக்குதல் அரிது.

பள்ளியின் குறில் அகரம், பிள்ளையின் இகரம், பாளையத்தின் நெடில் ஆகாரம் ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே ‘ஓ’ ஆயின. ளகரம் ‘எல்’ ஆயிற்று. அயற்சொல்லைத் தன் மொழியின் பழகிய ஓசைக்குள் இழுத்துக்கொள்ளும் இப்போக்கிற்கு மொழியியலார் ‘ஹாப்சன்-ஜாப்சன் விதி’ எனப் பெயரிட்டனர். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த அகராதியின் பெயர் அது. முகரம் ஊர்வலத்தில் எழுந்த ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்னும் ஓலம் ஆங்கிலச் சிப்பாயின் காதில் இரண்டு ஆங்கிலப் பெயர்களாக விழுந்ததன் விளைவு. மெட்ரோபொலிஸ் போன்ற கிரேக்கச் சொற்களில் பழகிய செவிக்குப் பள்ளியும் ‘பொலி’யாக ஒலித்ததில் வியப்பில்லை.

இவ்வெழுத்து மாற்றத்தை வேடிக்கையாக மட்டும் கொள்ளலாகாது. பாளையம் என்பது படை இறங்கிய இடம். பின்னர் படைக்கடமையுடன் கூடிய ஆட்சிப்பகுதி. மதுரை நாயக்கர் காலத்தில் 72 பாளையங்கள் அமைந்தன என்பது மரபு. காவலும் நீதியும் வரியும் அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தன. கம்பெனி ஆவணத்தில் ‘பாலிகர்’ ஆனபின், பாளையம் என்னும் பகுதி கண்ணில் படாமல் ஆள் மட்டும் எஞ்சினார். பெரும்பாலும் அடக்கப்பட வேண்டிய ஆளாக. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். 1803இன் நிலையான நிலவரித் திட்டத்தில் எஞ்சியோர் ஜமீன்தார் ஆயினர். போர்களுக்கு மட்டும் ‘பாலிகர் போர்கள்’ என்னும் பெயர் நிலைத்தது.

ஆங்கிலத்தில் மறைந்த அப்பகுதி பெங்களூருவின் தெருப்பலகைகளில் நிற்கிறது. ஜோகுபாளையம், முனிரெட்டிபாளையம், குருப்பனபாளையம் என எத்தனை பாளையங்கள்! கன்னடர் ‘பாள்ய’ என்பர். தமிழர் ‘பாளையம்’ என்பர். 1809இல் ஆங்கிலேயர் அல்சூர் ஏரியை ஒட்டிப் படைக்குடியிருப்பு அமைத்தபோது, படையோடும் வணிகத்தோடும் தமிழர் பெருமளவில் இப்பகுதிக்கு வந்தனர். கண்டோன்மென்ட் என்னும் அவர்களது சொல்லுக்கும் பாளையம் என்னும் நமது சொல்லுக்கும் மூலப்பொருள் ஒன்றே.

ஆவணக் காப்பகங்களில் பணியாற்றும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னாவணங்களில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தேடி நிறுத்திவிடாதீர்கள். பாலிகர் ‘ஐ’ எழுத்துடனும் ‘ஒய்’ எழுத்துடனும் எழுதப்பட்டுள்ளது. கணக்கப்பிள்ளைக்கு வடிவங்கள் இன்னும் பல. கிடைத்ததை மூலமொழியில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் யாருடைய நிலத்தை, எந்த அதிகாரத்தைக் குறித்தது என்னும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.